சாத்தோ கய்யார்: எதிரி வந்த வழியால் போய்ப் பாருங்கள்

பாரிஸிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய கோட்டை எது என்று கேட்டால் எங்கட ஆட்கள் உடனே வெர்சாயைச் சொல்லுவார்கள். அது மாளிகை. சண்டைக்கென்றே கட்டி, சண்டையிலேயே விழுந்த ஒன்றைப் பார்க்க ஆசையென்றால் நோர்மண்டியில் லே ஆந்தலி என்ற ஊருக்குப் போங்கள். செய்ன் நதி பெரிய வளைவு எடுக்கும் இடத்தில், ஆற்றிலிருந்து நூறு மீற்றர் மட்டில் உயர்ந்த சுண்ணக்கல் முனையில் சாத்தோ கய்யார் நிற்கிறது. நிற்கிறது என்பது கொஞ்சம் கூடுதலான சொல்தான். பாதி விழுந்து, பாதி களவு போய், மிச்சம் நிற்கிறது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை குறைத்தது ஏற்றத்துக்கு. முழங்கால் நோ உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் உங்களுக்கும் விளங்கும்.

வருகிறவர்களில் பாதிப் பேர் கீழே ஆற்றங்கரையில், பெத்தி ஆந்தலியில் இறங்கி, அண்ணாந்து பார்த்து, படம் எடுத்து, பிறகு மூச்சு வாங்க ஒற்றையடிப் பாதையில் ஏறுகிறார்கள். படத்துக்கு அது வடிவு. கோட்டை விளங்க வேண்டுமென்றால் மேலே பின்பக்க மேட்டில் காரை விட்டு, அங்கிருந்து இறங்கிப் போங்கள். காரணம் நிலத்திலேயே இருக்கிறது. முனையின் மற்றப் பக்கமெல்லாம் சரிவு. தென்கிழக்கில் ஒரு குறுகிய நாக்கு மாதிரி நிலம் மட்டும்தான் மேட்டோடு ஒட்டுகிறது. 1203இல் பிரெஞ்சு அரசன் இரண்டாம் பிலிப்பின் படை வந்தது அந்த நாக்கால்தான். கட்டினவனுக்கும் அது தெரியும். அதனால்தான் முழுப் பலத்தையும் அந்தத் திசையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்திருக்கிறான்: முதலில் முக்கோண வெளிக்கோட்டை, பிறகு அகழி, நடுக்கோட்டை, திரும்ப அகழி, உள்கோட்டை, கடைசியில் ஆற்றுப் பக்க விளிம்பில் பெருங்கோபுரம்.

கட்டினவன் இங்கிலாந்து அரசன், சிங்க நெஞ்சன் ரிச்சர்ட். அந்த நாளில் நோர்மண்டியும் இங்கிலாந்து அரசனுடைய கையில். எல்லை, இந்த ஊர் இருக்கும் வெக்ஸாங் பகுதியால் போனது. ரிச்சர்ட் சிறையில் கிடந்த காலத்தில், 1193இல், எல்லைக் காவலாக இருந்த ஜிசோர் கோட்டையை பிலிப் எடுத்துவிட்டான். ஆற்றோடு கீழே போனால் ரூஆன், நோர்மண்டியின் தலைநகரம். இடையில் ஒரு பூட்டு வேண்டும். ஆனால் 1196 ஜனவரியில் இரண்டு அரசரும் போட்ட உடன்படிக்கையில் ஆந்தலியில் ஒருத்தரும் கோட்டை கட்டக்கூடாது என்று எழுதியிருந்தது. நிலமோ ரூஆன் பேராயருடையது. ரிச்சர்ட் இரண்டையும் பார்க்கவில்லை, கட்டத் தொடங்கிவிட்டான். பேராயர் கோபத்தில் நோர்மண்டி முழுவதும் பூசையை நிறுத்த, அடக்கம் செய்ய ஆளில்லாமல் பிணங்கள் தெருவில் கிடந்தனவாம். கடைசியில் போப்பாண்டவர் வரை வழக்குப் போய், தியெப் துறைமுகம் உட்பட வேறு சொத்துகள் கொடுத்துத்தான் சமாதானமானது.

நான் பாரிஸுக்கு வந்த நாள் தொடக்கம் கட்டட வேலைதான். சுவரைக் கண்டால் கை தானாகத் தடவும். இங்கே தடவிப் பார்க்கக் கிடைப்பது அனேகமாகச் சுவரின் வயிறு. வெளியில் வைத்த வெட்டுக்கல்லை உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். 1599இல் நாலாம் ஆன்ரி அரசன் கோட்டையை இடிக்கச் சொல்லி உத்தரவு கொடுத்த பிறகு, பக்கத்து மடத்துத் துறவிகள் கல்லை எடுத்துத் தங்கள் கட்டடங்களுக்குப் போட்டார்கள். மிஞ்சியது உள்ளே கொட்டிய சல்லியும் தீக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். எண்ணூறு வருசத்துச் சாந்து. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், ஒரு துகள் பெயரவில்லை. போன வருசம் நாங்கள் பூசின சில சுவர்களைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை.

இவ்வளவையும் 1196 தொடக்கம் 1198 வரை, இரண்டு வருசத்தில் முடித்திருக்கிறார்கள். செலவு 12,000 பவுண் அளவில். தன் ஆட்சிக்காலம் முழுவதும் இங்கிலாந்தில் உள்ள கோட்டைகளுக்கு ரிச்சர்ட் செலவழித்தது 7,000 அளவில்தான் என்றால் கணக்கைப் பாருங்கள். அரச கணக்கேட்டில் கல் உடைத்தவன், சுண்ணாம்புக்காரன், தச்சன், கொல்லன், தண்ணி சுமந்தவன், வண்டிக்காரன் என்று எல்லா வகைக் கூலியும் இருக்கிறது. தலைமைக் கொத்தனின் பெயரை மட்டும் காணவில்லை. ரிச்சர்ட்தான் நின்று கட்டுவித்தான், அவனே திட்டம் போட்டான் என்று சொல்கிறார்கள். இருக்கட்டும். முதலாளிமார் அப்படிச் சொல்வது எங்கட தொழிலில் புதிதல்ல.

வழிகாட்டியோடு போவதென்றால் பருவகாலத்தில், நேரம் பார்த்துப் போக வேண்டும். எங்களுக்கு வாய்த்தவ இளம் பெண்பிள்ளை, நல்ல குரல், பிள்ளைகளைக் கேள்வி கேட்டு நடக்கவைக்கும் கெட்டித்தனம். அவ முதலில் நிற்பாட்டியது வெளிக்கோட்டையின் கூர்முனைக் கோபுரத்துக்கு எதிரே, அகழி விளிம்பில். குனிந்து பார்த்தால் தலை சுற்றும். பாறையைச் செங்குத்தாக வெட்டி எடுத்த பள்ளம்.

"இந்தப் பள்ளத்தை எப்படித் தாண்டியிருப்பார்கள்?" என்று கேட்டா. மகன் கையை உயர்த்தி ஏணி என்றான். சரிதான், ஆனால் ஏணி கட்டையாகப் போய்விட்டது. பள்ளத்தை நிரப்பி முடிக்கும் வரை பொறுக்காமல் பிலிப்பின் ஆட்கள் ஏணியில் இறங்கி, அதே ஏணியை மற்றப் பக்கம் சாத்த, அது எட்டவில்லை. உடைவாளையும் குத்துக்கத்தியையும் பாறையில் செருகிச் செருகி மேலே ஏறியிருக்கிறார்கள். ஏறி மதிலைத் தாண்டினார்களா என்றால் இல்லை. கோபுரத்து அடியில் ஒட்டிக்கொண்டு, அத்திவாரத்தைக் குடையத் தொடங்கினார்கள். தலைக்கு மேல் கேடயம். குடையக் குடைய மரத்தால் முட்டுக்கொடுத்துக்கொண்டு போவது, போதுமென்றானதும் முட்டுகளுக்குத் தீ வைத்துவிட்டு வெளியே ஓடுவது. மரம் எரிந்து முறிய, மேலே உள்ளதெல்லாம் தானே இறங்கும். பழைய கட்டடத்துக்குக் கீழே நிலவறை தோண்டும் இடத்தில் முட்டுக் கழரும்போது வருகிற ஒரு முனகல் இருக்கிறது. அதைக் கேட்டவனுக்குத் தெரியும், இந்த வேலைக்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டுமென்று. முனைக் கோபுரத்தில் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. வெடித்த பக்கத்தைச் சுற்றி வந்து பாருங்கள்.

வெளிக்கோட்டை போனதும் காவலர்கள் நடுக்கோட்டைக்குள் பின்வாங்கினார்கள். இங்கே நடந்ததுதான் பிள்ளைகளுக்கு மெத்தப் பிடிக்கும். ரிச்சர்ட் 1199இல் வேறொரு சின்ன முற்றுகையில் அம்பு பட்டுச் செத்துப்போக, தம்பி ஜோன் அரசனாகி, நடுக்கோட்டை மதிலை ஒட்டிப் புதிதாக ஒரு கட்டடம் எழுப்பியிருந்தான். மேலே சிற்றாலயம், கீழே களஞ்சியமும் மலசலகூடமும். வெளிப்பக்கம் ஒரு சன்னல், கம்பி இல்லை. பொஜி என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு சிப்பாய் அதைக் கண்டு, கூட்டாளியின் தோளில் ஏறி உள்ளே புகுந்து, மற்றவர்களைக் கயிறு போட்டுத் தூக்கினான். சன்னலால் புகுந்தான் என்று ஒரு கதை, மலம் விழும் துவாரத்தால் புகுந்தான் என்று இன்னொரு கதை. எங்கட குழுவில் இருந்த சிறுவர்கள் ஏகமனதாக இரண்டாவதைத் தெரிவு செய்தார்கள். உள்ளே போனவர்கள் பெரிய சத்தம் போட, நிறையப் பேர் வந்துவிட்டார்கள் என்று பயந்து காவலர்களே அந்தக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். புகை மற்றப் பக்கம் திரும்பி அவர்களையே உள்கோட்டைக்குள் துரத்தியது. பொஜியின் கூட்டம் புகை அடங்க வெளியே வந்து தூக்குப்பாலத்தின் கயிற்றை அறுத்துவிட்டது.

வேலைக்காரன் கண்ணால் பார்த்தால் இது ஒரு சாதாரண விசயம். இரண்டு வருசம் நின்று ஒருத்தன் கட்டின திட்டத்தில், பிறகு வந்தவன் வசதிக்கு ஒரு கொட்டில் ஒட்டினான். நாங்கள் திருத்தப் போகிற வீடுகளில் தண்ணி ஒழுகுவது அனேகமாக அப்படிப் பின்னுக்கு ஒட்டின இடத்தால்தான்.

உள்கோட்டை மதிலுக்கு வாருங்கள். நுழைவுக் கட்டணம் இதற்குத்தான், வெளிப்பகுதிகளைச் சும்மா சுற்றலாம். சில யூரோக்கள்தான், யோசிக்க வேண்டாம். தகரப் பீப்பாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தது போல வளைவு வளைவாக ஓடும் மதில். அதற்கு முதலோ பிறகோ இப்படியொன்றை நான் கண்டதில்லை. தட்டையான முகம் எங்கும் இல்லை, எறிகிற கல் நேரே விழுந்து முழுப் பலத்தோடு தாக்காமல் வழுக்கிப் போகும். மேலே நிற்பவன் கண்ணுக்கு மறையும் மூலையும் குறைவு. ஒரு வளைவுக் கல்லைச் செதுக்குவது நேர்க் கல்லை விட எவ்வளவு மினக்கெட்ட வேலை என்று எனக்குத் தெரியும். இங்கே மட்டும் வெட்டுக்கல் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. இணைப்பில் ஒரு தாள் போகாது.

ஆனாலும் விழுந்தது. வாசலுக்கு முன்னால் அகழிக்குக் குறுக்கே ஒரு துண்டுப் பாறையை வெட்டாமல் பாலமாக விட்டிருக்கிறார்கள். அதில் ஏறி நின்று கீழே எட்டிப் பாருங்கள். அந்தப் பாலமே குடைபவர்களுக்குக் கூரையாகிப் போனது. மேலேயிருந்து போடும் கல் பாறையில் விழ, அவர்கள் அதன் கீழ் ஆறுதலாகக் குடைந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் எதிர்ச்சுரங்கம் தோண்டிப் போய் அவர்களைத் துரத்தினார்கள். அதில் வென்றும் தோற்றார்கள். இரண்டு பக்கமும் தோண்டினதில் அத்திவாரம் பொள்ளலாகிவிட்டது. பிறகு பெரிய கல்லெறி பொறி ஒன்றால் அடிக்க, மதில் பிளந்தது. 1204 மார்ச் 6. கோபுரத்துக்குள் ஓடி ஒளிய நேரமிருக்கவில்லையோ, மனமிருக்கவில்லையோ, சின்ன வாசலால் வெளியேறப் பார்த்து எல்லோரும் பிடிபட்டார்கள். மிஞ்சி நின்றவர்கள் நூற்றைம்பது பேர் அளவில்.

பெருங்கோபுரம், தடித்த சுவர், அடியில் கப்பலின் முன்பக்கம் போலக் கூர். பார்க்க நல்லது. அன்றைக்கு அதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

அந்த உள்முற்றத்தில்தான் வழிகாட்டி எங்களைத் திருப்பிச் சரிவைப் பார்க்கச் சொன்னா. புல்லும் சுண்ணக்கல் வெள்ளையும் தவிர அங்கே ஒன்றுமில்லை.

முற்றுகை தொடங்கிய உடனேயே கீழே பெத்தி ஆந்தலி பிலிப்பிடம் விழ, ஊர்ச்சனம் பயத்தில் மேலே கோட்டைக்குள் ஓடிவந்தது. ஆயிரத்துக்கு மேல் வாய். மீட்க ஜோன் அனுப்பிய படை தரையாலும் ஆற்றாலும் ஒரே இரவில் வந்து சேர வேண்டும் என்று திட்டம். நீரோட்டத்துக்கு எதிரே தண்டு வலித்த படகுகள் பிந்திவிட்டன. தரைப்படை தனியே அடி வாங்கி ஓட, விடிய வந்த படகுகள் தனியே அடி வாங்கின. டிசம்பரில் ஜோன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டான். பிலிப் கோட்டையைச் சுற்றி இரட்டை அகழியும் மரக் கோபுரங்களும் போட்டுக் காத்திருந்தான். உள்ளே கோட்டைத் தலைவன் ரோஜர் டி லேசி அரிசி மூட்டையை எண்ணும் இடத்துக்கு வந்தான். அரிசி என்று நான் சொல்கிறேன், அவர்களுக்குத் தானியம். சண்டை பிடிக்கத் தெரியாதவர்களை வெளியே விட்டான். முதல் இரண்டு தரம் ஐந்நூறு ஐந்நூறாகப் போன சனத்தைப் பிரெஞ்சுக் காவல் பேசாமல் விட்டது. அது பிலிப்பின் காதுக்குப் போக, இனி ஒருத்தரையும் விடாதே என்று கட்டளை வந்தது. அதற்குப் பிறகு வெளியே வந்தவர்கள், நானூறு பேருக்குக் குறையாது, முன்னால் போனால் அம்பு. திரும்பி வந்தால் கோட்டை வாசல் பூட்டு. மாரிகாலம் முழுவதும் இந்தச் சரிவிலும் பள்ளத்திலும் கிடந்தார்கள். புல்லையும் நாயையும் தின்றார்கள். அதற்கு மேலும் எழுதியிருக்கிறார்கள், அதைப் பிள்ளைகள் நின்றதால் வழிகாட்டி சொல்லவில்லை, நானும் விடுகிறேன். மாசியளவில் பிலிப் ஒருநாள் இந்தப் பக்கம் வர, சனம் கத்த, அவன் இரங்கிச் சாப்பாடு கொடுத்துப் போக விட்டானாம். காய்ந்த வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பலர் அந்த இடத்திலேயே செத்தார்கள்.

பிலிப் இரங்கினான் என்று எழுதி வைத்தது யார் தெரியுமா? முற்றுகைக்குக் கூடவே வந்திருந்த, அவனுடைய சொந்தக் குருவானவர், பிரெத்தோங் கியோம். அடைத்து வைத்தவனும் அவனே என்பதையும் அதே ஆள்தான் எழுதியிருக்கிறார் என்பதால் அவருக்கு ஒரு மரியாதை கொடுக்கலாம்.

மாமா, என் மனிசியின் தகப்பன், ஊரில் தமிழ் வாத்தியாராக இருந்தவர். நான் தமிழில் மாற்றி மாற்றிச் சொல்லக் கேட்டுக்கொண்டு மதில் விளிம்புக் கல்லில் இருந்தார்.

"தம்பி, மதிலை வளைக்கிறவனுக்கு உழிஞைப் பூ. மதிலைக் காக்கிறவனுக்கு நொச்சிப் பூ. ரெண்டுக்கும் எங்கட ஆக்கள் துறை பிரிச்சுப் பாடி வைச்சிருக்கினம். நடுவில நிண்ட சனத்துக்கு ஒரு பூவும் வைக்கேல்லை."

வழிகாட்டி என்ன சொன்னார் என்று கேட்டா. பூக்களைப் பற்றிச் சொன்னார் என்று மட்டும் சொன்னேன். முழுவதையும் பிரெஞ்சில் சொல்ல அந்த நேரம் எனக்கு வரவில்லை.

உள்முற்றத்துக் கிணற்றைப் பார்க்காமல் வராதீர்கள். 1419இல், அடுத்த பெரிய முற்றுகையில், இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றிக்கு இந்தக் கோட்டை பணிந்ததற்குச் சொல்லப்படும் காரணம், தண்ணி அள்ளுகிற கயிறு தேய்ந்து அறுந்து போனது. மதில் உடையவில்லை, சாப்பாடு முடியவில்லை, கயிறு இல்லை. 1204 கதையை விட இதைத்தான் வேலைத்தலத்தில் நான் அடிக்கடி சொல்வேன். அகழிப் பக்கம் பாறையில் குடைந்த நிலவறைகளும் பாருங்கள், உள்ளே கோடையிலும் குளிர். இடையில் இரண்டு அரச மருமக்களைச் சோரம் போனார்கள் என்று இங்கே அடைத்து வைத்ததும், நாடு விட்டு வந்த ஸ்கொத்லாந்துச் சிறுவன் அரசன் இங்கே வளர்ந்ததும் தனிக் கதைகள், வழிகாட்டி இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டா.

கோட்டை விழுந்து நாலு மாதத்துக்குள், 1204 ஜூன் 24, ரூஆன் சரணடைந்தது, நோர்மண்டியே போனது. பூட்டு உடைந்தால் வீடு என்னாகும் என்று கட்டினவனுக்குத் தெரிந்துதான் கட்டியிருக்கிறான்.

இனி நடைமுறை. நல்ல சப்பாத்துப் போடுங்கள். மழை பெய்த அடுத்த நாள் சுண்ணக்கல் பாதை சவர்க்காரம், மாமாவை நானும் மகனும் இரண்டு பக்கமும் பிடித்துத்தான் இறக்கினோம். நிழல் கிடையாது, மேட்டில் காற்று சரியான காற்று. தண்ணிப் போத்தல் கீழேயிருந்தே கொண்டு போங்கள். தள்ளுவண்டிப் பிள்ளையோடு வருபவர்கள் மேலே மேட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது புத்தி. அங்கிருந்து தெரியும் ஆற்று வளைவுக்கே வந்த காசு சரி. சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் நிம்மதி. நாங்கள் இறங்கி ஆற்றங்கரையில் ஒரு கடைக்குப் போக, இரண்டரை மணிக்குக் குசினி பூட்டு என்று அனுப்பிவிட்டார்கள். மனிசி கட்டி வந்த புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும்தான் காப்பாற்றியது. ஆற்றோரம் வாங்குகள் இருக்கின்றன, அங்கேயிருந்து சாப்பிடலாம். நேரமிருந்தால் பெத்தி ஆந்தலியின் சென் சோவர் தேவாலயத்தையும் எட்டிப் பாருங்கள், சிறியது, வடிவானது, கோட்டைக்கு அண்டிய காலத்தது.

குளிர்காலத்தில் உள்கோட்டை பூட்டு. மற்ற மாதங்களிலும் கிழமையில் எல்லா நாளும் திறப்பதில்லை, வெளிக்கிட முதல் பார்த்துக்கொள்ளுங்கள். காரென்றால் ஏ13இல் போய்க் கையோன் பக்கம் இறங்குவது லேசு. றெயின் என்றால் சென் லசாரில் ஏறிக் கையோன் ஒபவா நிலையத்தில் இறங்கலாம், அங்கிருந்து இன்னும் பத்து, பன்னிரண்டு கிலோமீற்றர் இருக்கிறது. ராக்சியை முதலே பேசி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை நிலையத்து வாசலில் ஒரு வண்டியும் நிற்காது.